செயற்கை இதய வால்வு: ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியிடம்

இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்கு இரத்தம் நேரடியாகச் செல்வதில்லை. அது நுரையீரலுக்குச் சென்று, அங்கு காற்றுடன் கலந்து, அதன் பின்னரே இடப்புறத்தை வந்தடைகிறது. இவ்வுண்மையை முதன்முதலில் எழுதி வைத்தவர் இப்னுந் நஃபீஸ் ஆவார். கி.பி. 1213இல் பிறந்து 1288இல் மறைந்த இவர், இப்னு ஸீனாவின் ‘கானூன்’ நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு எழுதிய விரிவுரையில், இரு அறைகளுக்கும் இடைப்பட்ட சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டு என்ற பழைய கொள்கையை மறுத்தார். அவ்விரிவுரையின் கையெழுத்துப் பிரதியை 1924ஆம் ஆண்டில் எகிப்திய மருத்துவரான முஹ்யித்தீன் அத்ததாவி பெர்லின் நூலகத்தில் கண்டெடுத்த பிறகே உலகம் இதனை அறிந்துகொண்டது.

இச்செய்தி நமது மேடைகளில் அடிக்கடி பேசப்படுவதுதான். ஆயினும் அதன் மற்றொரு பகுதி அதிகம் கவனிக்கப்படுவதில்லை. இப்னுந் நஃபீஸ் மருத்துவர் மட்டுமல்லர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு பயிற்றுவித்த ஆசிரியருமாவார். இதயத்தின் கூறுகளை ஆராய்ந்த அதே மனிதர் மார்க்கச் சட்டத்தின் நுட்பங்களையும் மாணவர்களுக்கு விளக்கினார். இன்று இவ்விரு துறையினரும் ஒருவர் பேசுவதை மற்றவர் அறியாத நிலையில் இருக்கின்றனர். அதனால் ஏற்படும் இழப்பு நோயாளியின் தலைமீதே விழுகிறது. உயிர் மருத்துவத் தொழில்நுட்பம் என்று இன்று வழங்கப்படும் துறையின் ஆராய்ச்சிகள் நோயாளியை எவ்வாறு வந்தடைகின்றன, வந்தடைந்த பின் அவை பயன்பட எவை தேவைப்படுகின்றன என்பதை, செயற்கை இதய வால்வு என்னும் ஒரே எடுத்துக்காட்டின் வழியாக இங்கு ஆராய்வோம்.

வால்வின் பணி

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தம் ஒரு திசையில் மட்டும் செல்லுமாறு திறந்து மூடுவதே அவற்றின் பணி. நிமிடத்திற்கு 72 முறை இதயம் துடிப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கும் அதிகமான முறை ஒவ்வொரு வால்வும் திறந்து மூடுகிறது. ஓராண்டில் இது ஏறத்தாழ 3.8 கோடி முறையாகும். மனிதன் செய்த எந்தக் கதவும் இவ்வளவு உழைப்பைத் தாங்கிப் பழக்கப்பட்டதன்று. இவ்வால்வு சுருங்கிவிட்டால் இரத்தம் முன்னேற இயலாது. சரியாக மூடாவிட்டால் சென்ற இரத்தம் பின்னோக்கிக் கசியும். இரு நிலைகளிலும் இதயம் களைத்துப் போகிறது. படியேறினால் மூச்சு வாங்குவதில் தொடங்கும் துன்பம், படுத்தால்கூட மூச்சுவிட இயலாத நிலைவரை செல்லும்.

நம் நாட்டில் இளம் வயதினருக்கு வால்வு பழுதடைவதற்குத் தலையாய காரணம் ருமாட்டிக் காய்ச்சலாகும். சிறுவர்களுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப் புண் ஏற்படுகிறது. உரிய மருந்து தரப்படாத சிலரின் உடலில், கிருமியை எதிர்க்க எழும் ஆற்றலே மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கத் தொடங்குகிறது. மூட்டு வலி சில வாரங்களில் மறைந்துவிடும். இதய வால்வில் விழுந்த வடு மறைவதில்லை. நெரிசலான வீடுகளிலும் மருத்துவ வசதி எட்டாத ஊர்களிலும் வாழ்வோரையே இந்நோய் மிகுதியாகப் பற்றுகிறது. ஆகவே இதனை ஏழைகளின் இதய நோய் எனல் பொருந்தும்.

மருத்துவரும் பொறியாளரும்

பழுதடைந்த வால்வுக்கு மாற்றாகச் செயற்கை வால்வைப் பொருத்தும் முயற்சி அமெரிக்காவில் தொடங்கிற்று. 1952ஆம் ஆண்டில் சார்லஸ் ஹஃப்னகல் என்னும் அறுவை மருத்துவர், பந்து ஒன்று மேலும் கீழும் நகரும் அமைப்புடைய வால்வை ஒரு நோயாளியின் இறங்கு பெருந்தமனியில் பொருத்தினார். இதயத்தைத் திறந்து வால்வு இருக்கும் இடத்திலேயே மாற்றும் வழி அன்று இல்லை. 1960ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் இணைந்து உருவாக்கிய வால்வு, இதயத்தின் ஈரிதழ் வால்வுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டு வெற்றி கண்டது. எட்வர்ட்ஸ் நீர்ம இயக்கத் துறையில் பெயர் பெற்ற பொறியாளர். முழுச் செயற்கை இதயம் ஒன்றைச் செய்யும் நோக்குடன் 1958இல் தம்மை அணுகிய அவரிடம், முதலில் ஒரு வால்வைச் செய்வோம் என்று ஸ்டார் கூறினார். இருவரும் கூடியதால் விளைந்ததே அவ்வெற்றி. மருத்துவர் தேவையை அறிந்தவர். பொறியாளர் பொருளின் இயல்பை அறிந்தவர். இருவரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அது நடந்திராது.

ஹஃப்னகலிடம் பயின்றவர்களுள் ஒருவர் கேரளத்து மாவேலிக்கரையில் 1934இல் பிறந்த டாக்டர் எம்.எஸ். வலியத்தான். திருவாங்கூர் அரச குடும்பம் வழங்கிய கட்டடத்தில் உருவாகிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை வளர்க்கும் பொறுப்பு 1970களில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1980ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. மருத்துவமனை ஒருபுறமும், பூஜப்புரையிலுள்ள பழைய அரண்மனை ஒன்றில் உயிர் மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு மறுபுறமுமாக, இரண்டும் ஒரே நிர்வாகத்தின்கீழ் அமைந்தது அதன் தனிச்சிறப்பு. கன்னியாகுமரி, திருநெல்வேலி உள்ளிட்ட தென் மாவட்டங்களின் நோயாளிகள் பலர் அங்கு சென்று சிகிச்சை பெற்று வருவதை நம் வாசகர்கள் அறிவர்.

அக்காலத்தில் செயற்கை வால்வுகள் அனைத்தும் வெளிநாடுகளிலிருந்து வரவேண்டியிருந்தன. ருமாட்டிக் நோயால் வால்வு பழுதுற்ற கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அவ்விலை எட்டாக் கனியாகவே இருந்தது. அறுவை செய்யும் திறன் மருத்துவரிடம் இருந்தும், பொருத்த வால்வு இல்லாமையால் நோயாளியைத் திருப்பி அனுப்பும் நிலையே உள்நாட்டு ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று.

தோல்விகளின் வழியே

வலியத்தானின் குழுவினரும், பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் முதலானோரும் மேற்கொண்ட பணி பத்தாண்டுகளுக்கும் மேல் நீடித்தது. அவர்கள் தேர்ந்தெடுத்தது சாயும் வட்டு வகையாகும். உலோகச் சட்டகத்தினுள் ஒரு வட்டு சாய்ந்து திறந்து, மீண்டும் படிந்து மூடும். கேட்பதற்கு எளிய அமைப்பு. ஆயினும் முதல் மாதிரி நிலைக்கவில்லை. பின்னர் டைட்டானியச் சட்டகத்தில் ஒற்றைப் படிகச் செயற்கை நீலமணியாலான வட்டு பொருத்தப்பட்டது. நீலமணி மிகக் கடினமானது, அக்கடினமே இடராயிற்று. அது டைட்டானியத்தை அளவுக்கு மீறித் தேய்த்தது. சட்டகத்திற்கு வேறு உலோகக் கலவை கொள்ளப்பட்டபோது தேய்மானம் குறைந்தது. ஆனால் ஆட்டுக்குப் பொருத்தப்பட்ட வால்வில் நீலமணி வட்டே உடைந்தது.

நான்காவது மாதிரியில்தான் தக்க இணை கிடைத்தது. கோபால்ட், குரோமியம் முதலியவை சேர்ந்த ஹேய்ன்ஸ்-25 என்னும் உலோகக் கலவையால் சட்டகமும், மிக உயர்ந்த மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனால் வட்டும், இதயத் தசையுடன் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையமும் அமைக்கப்பட்டன. இப்பாலிஎத்திலீன் செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்பட்டு வந்த பொருளே. அது மென்மையானது, ஒலி குறைவானது, உடையும் இயல்பற்றது. விலையுயர்ந்த மணி தோற்ற இடத்தில் எளிய பிளாஸ்டிக் வென்றது. வேகப்படுத்தும் கருவிகளில் பல ஆண்டுகளின் துடிப்புக்கு ஈடான முறைகள் திறந்து மூடச் செய்து அதன் தேய்மானம் அளக்கப்பட்டது. செம்மறியாடுகளில் பொருத்தி ஆராயப்பட்டது. அதன் பின்னரே 1990ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

அத்துடனும் விற்பனைக்கு விடப்படவில்லை. பல மருத்துவமனைகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குப் பொருத்தி, அவர்களின் நிலை தொடர்ந்து கண்காணிக்கப்பட்டது. டி.டி.கே. நிறுவனம் தயாரிப்பை ஏற்றுக்கொண்டது. இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான சித்ரா வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. இந்தியாவில் இதய வால்வுகள் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது 2005ஆம் ஆண்டில்தான். மருத்துவக் கருவிகளுக்கெனத் தனி விதிகள் 2017இல் வெளியிடப்பட்டு 2018 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆகவே 1990இல் இச்சோதனைகளை நடத்தியவர்களை அத்தகைய சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. பிறர் உயிரைத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகக் கருதியதன் வெளிப்பாடே இது என்று நாம் கொள்ளலாம். டாக்டர் வலியத்தான் 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலமானார்.

இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். இதே சாயும் வட்டு வகையைச் சேர்ந்த பியோர்க்-ஷைலி குவி-குழி வால்வு 1979 முதல் 1986 வரை உலகச் சந்தையில் விற்கப்பட்டது. ஏறக்குறைய 86,000 பேருக்கு அது பொருத்தப்பட்டது. அதன் வட்டைத் தாங்கிய கம்பி, பற்றவைத்த இடத்தில் முறிந்ததால் வட்டு வெளியேறியது. இவ்வாறு அறுநூறுக்கும் மேற்பட்ட வால்வுகள் முறிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை உயிரிழப்பில் முடிந்தன. முறிவுகள் தெரியவந்த பின்னரும் சில ஆண்டுகள் விற்பனை தொடர்ந்தது என்பதே இதில் மிகக் கொடியது. எஞ்சிய ஆயிரக்கணக்கானோர், தம் நெஞ்சிலிருப்பது எப்போது முறியுமோ என்ற அச்சத்துடன் வாழ நேர்ந்தது. ஒரே வகைக் கருவி, இரு வேறு முடிவுகள். பழுதைக் கண்டவுடன் மாதிரியைக் கைவிட்ட நேர்மையும், பழுதைக் கண்டும் விற்ற பேராசையும் இவ்விரண்டையும் வேறுபடுத்துகின்றன.

அறுவைக்குப் பின்

ஆராய்ச்சி நிறைவுற்று, அறுவையும் நலமாக முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது பெருந்தவறாகும். உலோக வால்வைத் தாங்கியவரின் சிகிச்சை அங்குதான் தொடங்குகிறது.

அன்னியப் பொருளைத் தொடும் இரத்தம் உறைய முற்படும். உறைந்த கட்டி வட்டை அசையவிடாது தடுக்கலாம். அல்லது மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். ஆதலால் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரையை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் உறைவு. மிகுந்தால் இரத்தக் கசிவு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழி குறுகியது. ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை அவ்வழியைக் காட்டுகிறது. மருந்து உண்ணாதவருக்கு இவ்வளவு 1 என்ற அளவில் இருக்கும்; உலோக வால்வு உடையவருக்கு வால்வின் வகையும் இடமும் நோக்கி, பெரும்பாலும் 2 முதல் 3.5 வரையிலான ஓர் இலக்கை மருத்துவர் வகுத்துத் தருவார். முருங்கைக்கீரை போன்றவற்றிலுள்ள வைட்டமின் ‘கே’ இம்மருந்துக்கு எதிராகச் செயற்படும். கீரையை அறவே விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் இல்லாமலும் உண்ணாமல், ஒரே அளவில் உண்பதே முறையாகும். தாமாக வாங்கும் வலி மாத்திரைகளும் நாட்டு மருந்துகளும் இவ்வளவைக் குலைத்துவிடக்கூடும். பல் பிடுங்கச் செல்லுமுன் வால்வு பொருத்தப்பட்டிருப்பதைக் கூறி, கிருமித் தொற்றைத் தடுக்கும் மருந்து பெற வேண்டும்.

பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. வார்ஃபரின் கருவின் தொடக்க வாரங்களில் குழந்தைக்குக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடும். மருந்தை நிறுத்தினாலோ தாயின் வால்வில் உறைவு ஏற்படும். ஆகவே கருத்தரிக்கும் முன்னரே மருத்துவரைக் கலந்து திட்டமிட வேண்டும். திருமணப் பேச்சின்போது பெண்ணின் இதய அறுவையை மறைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அப்பெண் கணவர் வீட்டாருக்குத் தெரியாமல் மாத்திரையை உண்ண வேண்டியவளாகிறாள். ஒரு நாள் விட்டுவிடுகிறாள். பல்லாண்டு ஆராய்ச்சியால் கிடைத்த பயன் இவ்வாறு வீணாவதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மார்க்கச் சட்டத்தின் வினாக்கள்

செயற்கை வால்வுகளில் மற்றொரு வகை உண்டு. பன்றியின் இதய வால்வு அல்லது மாட்டின் இதயத்தைச் சூழ்ந்துள்ள உறை ஆகியவற்றைக் குளுட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருளில் பதப்படுத்திச் செய்யப்படும் திசு வால்வுகள் அவை. பிரெஞ்சு மருத்துவர் அலன் கார்ப்பாந்தியே 1960களின் பிற்பகுதியில் இம்முறையை வகுத்தார். இவற்றைப் பொருத்தியவருக்கு வாழ்நாள் முழுவதும் உறைவெதிர் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளில் இவை தேய்ந்துவிடும். இளையோரிடம் இன்னும் விரைவில் கெட்டுப்போகும். 2002ஆம் ஆண்டில் அலன் கிரிபியே நெஞ்சைத் திறக்காமல் இரத்தக் குழாயின் வழியே வால்வைச் செலுத்திப் பொருத்தும் முறையைத் தொடங்கி வைத்தார். முதியோருக்குப் பெரிதும் பயன்படும் இம்முறையிலும் திசு வால்வே பொருத்தப்படுகிறது.

பன்றி வால்வைப் பொருத்தலாமா என்ற வினா நம் அரபுக் கல்லூரிகளுக்கு அவ்வப்போது வருகிறது. இமாம் நவவி அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில், தொழுகையின் நிபந்தனைகளை விளக்குமிடத்தில், உடைந்த எலும்பைத் தூய்மையற்ற பொருளால் இணைத்தவரைப் பற்றிப் பேசுகிறார்கள். தூய பொருள் கிடைக்காமையால் அவ்வாறு செய்தவர் மன்னிக்கப்பட்டவர் என்பதும், தூய பொருள் இருந்தும் செய்தவர் வெளிப்படையான தீங்கை அஞ்சாத நிலையில் அதனை அகற்ற வேண்டும் என்பதும் அதன் சாரம். ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன் எலும்புக்குச் சொல்லப்பட்ட இச்சட்டம், வால்வுக்கும் வழிகாட்டுகிறது. அறியாமலோ வேறு வழியின்றியோ பன்றி வால்வைப் பெற்றவர், அதனை அகற்றினால் உயிருக்கே தீங்கு என்பதால், தம் தொழுகை குறித்துக் கலங்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து விளங்குகிறது.

ஆனால் புதிதாகப் பொருத்துவோர் விஷயத்தில் ‘தூய பொருள் கிடைக்காமை’ என்ற நிபந்தனையை ஆராய வேண்டியுள்ளது. உலோக வால்வு உண்டு. மாட்டு உறையாலான வால்வும் உண்டு. மாட்டைப் பொறுத்தவரை அறுப்பு முறை பற்றிய வினா எஞ்சினாலும், அது பன்றியின் நிலையை ஒத்ததன்று. ஆகவே ‘நிர்ப்பந்தம்’ என்ற ஒரே சொல்லால் பன்றி வால்வை அனுமதிப்பது அவசர முடிவாகும். அதுபோலவே, ‘உலோக வால்வு இருக்கிறதே’ என்று எல்லோருக்கும் பொதுவாகக் கூறிவிடுவதும் முறையன்று. இரத்தப் பரிசோதனைக்கு வசதியற்ற தொலைவூரில் வாழ்பவர், இரத்தக் கசிவு நோயுள்ளவர், குழந்தைப் பேற்றை எதிர்நோக்கும் பெண் ஆகியோருக்கு உலோக வால்வு இடர் தரலாம். எது கிடைக்கிறது, இந்நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டறியாமல் ஃபத்வா வழங்க இயலாது. நோயாளியும் தமது தயக்கத்தை அறுவைக்கு முன்னரே மருத்துவரிடம் தெரிவித்து, எந்த வகை வால்வு என்று கேட்டறிய உரிமையுடையவர்.

ரமளான் நோன்பு குறித்தும் வினவுகின்றனர். உறைவெதிர் மாத்திரை பொதுவாக நாளுக்கு ஒரு முறையே உண்ணப்படுவதால், அதனை இரவில் உட்கொள்ள இயலும். பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என்பதே, ஹிஜாமா பற்றிய ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலைப்பாட்டிலிருந்து பெறப்படுவது. எனினும் உணவும் நீரும் மாறுவதால் மருந்தின் விளைவு மாறலாம். இதயம் பலவீனமுற்றவர் நீர் வெளியேற்றும் மாத்திரையும் உண்பவராயின் நோன்பு தீங்கு தரக்கூடும். எனவே ரமளானுக்கு முன் மருத்துவரின் கருத்தைப் பெறுவது அவசியம். அவர் தடுத்தால், நோயாளிக்கு இறைவன் வழங்கிய சலுகையை ஏற்பதில் குறையேதுமில்லை.

நாம் செய்யத்தக்கவை

இவ்வளவும் கூறியதன் நோக்கம், சமுதாயம் செய்யக்கூடிய மூன்று செயல்களைச் சுட்டுவதேயாகும்.

முதலாவது, வால்வு பழுதடையாமல் தடுப்பது. தொண்டைப் புண்ணுடன் காய்ச்சல் வரும் சிறுவரை மருத்துவரிடம் காட்டிப் பென்சிலின் போன்ற மருந்தை உரிய காலத்தில் தந்தால் ருமாட்டிக் காய்ச்சலைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஒரு முறை அக்காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, மருத்துவர் கூறும் ஆண்டுகள்வரை தொடர வேண்டும். மிகச் சிறந்த வால்வும் இந்த மலிவான ஊசிக்கு ஈடாகாது. மக்தப் ஆசிரியர்களும் ஜுமுஆ உரை நிகழ்த்துவோரும் இதனைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கலாம்.

இரண்டாவது, ஜமாஅத்துகளின் உதவி அறுவையுடன் நின்றுவிடலாகாது. ஏழை ஒருவரின் இதய அறுவைக்கெனப் பள்ளிவாசல்களில் ஆர்வத்துடன் நிதி திரட்டப்படுகிறது. அடுத்த ஆண்டில் அவருக்குப் பரிசோதனைக் கட்டணமும் பயணச் செலவும் இல்லாமற்போவதை எவரும் கேட்பதில்லை. ஜகாத் பெறத் தகுதியுள்ள நோயாளிக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்குவது, ஒரே நாளில் திரட்டப்பட்ட பெருந்தொகை வீணாகாமல் காக்கும்.

மூன்றாவது, அரபுக் கல்லூரிகளின் இறுதி வகுப்பில் நவீன மருத்துவப் பிரச்சினைகள் கற்பிக்கப்படும்போது, மருத்துவரும் பொறியாளரும் அழைக்கப்பட்டு மாணவர்களின் வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். ‘மின்ஹாஜ்’ ஓதும் மாணவர் ஒரு வால்வைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பாராயின், அந்நூலின் ஒரு நிபந்தனை எவ்வளவு பொருள் பொதிந்தது என்பதை உணர்ந்துகொள்வார். நாளை அவரிடம் வினவ வரும் நோயாளிக்கு அதனால் கிடைக்கும் பயன் சிறிதன்று.